மாமன் ஓடிப்போன காதுகுத்து

காளவாசல் சிக்னலில் என் முகத்தை முதலில் பார்த்தது ஆட்டோக்காரர்தான். பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல், கண்ணாடியில் என்னையும் ஓரத்தில் கட்டியிருந்த பிளக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற பஸ், ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அண்ணே, அது நீங்கதானே?"

நான்தான். ஆள் உயரத்துக்கு மேலே, வாழ்நாளில் போட்டே இராத கறுப்புக் கண்ணாடியோடு, முதுகுக்குப் பின்னால் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் மின்ன, கைகூப்பி நின்றுகொண்டிருந்தேன். 'ஈப்போ கண்ட சிங்கமே, எங்கள் தாய்மாமனே, வருக வருக' என்று எழுதியிருந்தது. விழா நாயகியைக் கீழ் மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். அவள் என் தங்கை மகள் மகிழினி. பதினோரு மாதம்.

சிங்கம் அப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. விமானத்துக் குளிரில் பிடித்த சளி, தரையிறங்கிய பிறகும் விடவில்லை.

என் தங்கை பவானி என்னைப் போலவே ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்திருந்த செந்தில் அவளைக் கட்டிக்கொண்டு மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டார். காளவாசல் தாண்டி, தேனி ரோட்டிலிருந்து பிரியும் புதுக் குடியிருப்பு ஒன்றில் வீடு. முன்பக்கம் வீட்டுமனைக் கற்கள், பின்பக்கம் நெல்வயல். செந்திலின் அப்பா செல்லப்பாண்டி மாமா இன்னும் அந்த வயலை விடவில்லை. திருப்பரங்குன்றத்தில் வைத்து மகிழுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக அவர் முருகனுக்கு நேர்ந்திருந்தார். இரண்டுமே தாய்மாமன் மடியில் நடக்க வேண்டியவை. பவானிக்கு நான் ஒரே அண்ணன். அதனால் ஜோசியர் குறித்த தேதியைவிட எனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்பதுதான் முக்கியமாகிவிட்டது. பதினோராம் மாதம் தாண்டினால் மூன்றாம் வயதில்தான் குத்துவார்கள் என்று பவானி போனில் சொல்லிச் சொல்லியே என்னை வரவழைத்தாள்.

வாசலில் ஆரத்தி. செருப்பைக் கழற்றுவதற்குள் மகிழை என் கையில் திணித்துவிட்டார்கள். புது ஆள் என்று அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள், மூக்கைப் பிடித்து இழுத்தாள். நானும் அவள் கன்னத்தில் முகத்தைப் புதைத்து முத்தம் கொடுத்தேன். போனில் மட்டும் பார்த்த பிள்ளையை முதன்முதலாகத் தூக்கும்போது யாரும் கைக்குட்டையைத் தேடுவதில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். குழந்தைகளின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த சளி குழாய்களில் வரும். அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. எத்தனையோ மூக்குகளைப் பற்றி எனக்குத் தெரியும். அவற்றின் சொந்தக்காரர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

மூக்கும் தொண்டையும் காலி வீடு இல்லை. எங்கள் ஊர் அடுக்குமாடி மாதிரி, பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிடும். பெரும்பாலும் சாதுவான கிருமிகள். நிமோனியாவுக்குப் பேர்போன நிமோகாக்கஸ்கூட நிறையப் பிள்ளைகளின் மூக்கில் வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரன்போல் சும்மா இருக்கும். சாதுக்கள் நெருக்கியடித்து இருக்கும்வரை அதற்கு ஆட்டம் போட இடம் கிடைக்காது. வைரஸ் சளி வந்து சுவரைப் புண்ணாக்கினாலோ, அரைகுறையாக மருந்து கொடுத்துச் சாதுக்களைக் காலி செய்தாலோ, அது நெஞ்சுக்கு இறங்க வழி பார்க்கும். எந்தப் பிள்ளைக்கு இறங்கும், எந்தப் பிள்ளைக்கு இறங்காது என்று முன்கூட்டியே சொல்ல எங்களுக்கும் தெரியாது. இந்தத் தெரியாமையைத் தலையில் சுமந்துகொண்டுதான் நான் ஊர் சுற்றுவேன். சுற்றுலாவுக்குப் பொருத்தமான ஆள் இல்லை.

மறுநாள் காலை மகிழுக்கு எண்ணெய்க் குளியல். அதற்கென்றே ஒரு அக்கா வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுச் சுடச்சுட ஊற்றினார். முடித்ததும் தன் வாயை மகிழின் மூக்கில் வைத்து ஒரு ஊது. காதுகளிலும் ஊது. தண்ணீர் நிற்காதாம். பிறகு சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து புகை மூட்டத்தில் பிள்ளையைக் குப்புறப் பிடித்தார். நான் இருமினேன். மகிழும் இருமினாள்.

"அக்கா, ஊதாதீங்க. உங்க வாயில இருக்கிறதெல்லாம் பிள்ளை மூக்குக்குப் போகும்," என்றேன்.

அவர் சிரித்தார். "என் வாயில என்ன சார் இருக்கு? வெத்தலகூடப் போடுறதில்ல. உங்க மாப்ளைக்கும் நாந்தேன் ஊதுனேன். எம்புட்டு ஒசரம் வளந்திருக்காரு பாருங்க."

உண்மைதான். செந்தில் ஆறடி.

இந்த ஊரில் சும்மா இருப்பது முடியாத காரியம். விருந்தாளியை வீட்டில் உட்காரவைத்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். நாலாம் நாள் செந்தில் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு பட்டுப்பாவாடைக்கு ஒரு கடை, தோட்டுக்கு ஒரு கடை, சீர்த்தட்டுக்கு ஒரு கடை என்று அலைந்தார். மதியம் கறிதோசை. மாவின் மேல் முட்டை, முட்டையின் மேல் கறி என்று மூன்று மாடி. சாயங்காலம் பன் பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டிச்சானாய் விசிறிய துணிபோல் மெலிசாக இருக்கும், இது வெண்ணெயில் ஊறிய தலையணை. ருசியில் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் நடுவே, கிளம்பும்போது கேட்ட மகிழின் இருமல் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் ஜிகர்தண்டா பாக்கி என்றார் செந்தில். வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"மச்சானுக்கு வயிறு சரியில்ல போல," என்று கடைக்காரரிடம் சொன்னார்.

வீட்டில் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவன், மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அரைப் பாட்டில் ஆன்டிபயாட்டிக் சிரப்பைப் பார்த்தேன்.

"போன தடவ மிச்சம் மச்சான். நேத்து ராத்திரி காச்சலடிச்சப்ப, அதே சளிதானே, விசேஷத்துக்குள்ள சரியாயிரும்னு ரெண்டு வேள குடுத்தோம்," என்றார் செந்தில்.

"குடுத்துட்டு?"

"காச்சல் விட்டுச்சு. நிப்பாட்டிட்டோம்."

பாட்டிலை சிங்க்கில் கவிழ்த்தேன். பவானி என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்ன அண்ணே, தப்பா?" என்றாள். தப்புதான் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் சின்னதாகிவிடும். அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அடுத்த நாட்கள் பந்தல்காரர், சமையல்காரர், வாழைமரம், நாதஸ்வரம் என்று ஓடின. மகிழின் இருமல் இவற்றுக்கு நடுவே யாரும் கவனிக்காமல் கெட்டிப்பட்டது. காய்ச்சல் திரும்பியது. பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். பொத்தானை இழுப்பது நின்றுபோனது. வீடு நிறைய உறவினர்கள். அவள் இடுப்பு மாறி இடுப்பு மாறிப் போய்க்கொண்டே இருந்தாள். எல்லோரும் கொஞ்சினார்கள், எல்லோரும் ஒரே கைத்துண்டால் அவள் மூக்கைத் துடைத்தார்கள்.

விசேஷத்துக்கு முந்தின மதியம் மொட்டை மாடிக்குப் போய், எங்கள் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு தாதியான ஃபரிதாவுக்குப் போன் போட்டேன். அவர் மலாய்க்காரர். சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அழும்போது எண்ணாதே. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணு. ஒரு வயதுக்குள் ஐம்பதைத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டு நிற்காதே. தூக்கிக்கொண்டு ஓடு."

எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியது. இழுப்பு இல்லை. மறுபடி எண்ணினேன். தாண்டியது. குழாய்க்குள் வரும் சளிக்கு மூச்சு கிடையாது.

செல்லப்பாண்டி மாமா முற்றத்தில் வாழைத்தாரை இறக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். மோர் கொடுக்கச் சொன்னார். இந்த வீட்டில் என் பேச்சுக்கு மோர் உண்டு, செவிசாய்ப்பு கிடையாது.

"தம்பி, நாளைக்குக் காலையில ஒரு பொழுது. முடிச்சிட்டு மத்தியானமே நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"மாமா, மொட்டையடிச்சு, தலையில தண்ணி ஊத்தி, சந்தனம் பூசி, அதுக்கப்புறம் ஊசி குத்தி... இவ தாங்க மாட்டா."

"முருகனுக்கு நேந்தத தள்ளிப் போட்டா பிள்ளைக்குத்தான் ஆகாது. எனக்கு மட்டும் பயமில்லைன்னு நெனைக்கிறீகளா? விட்டா மூணாம் வயசு. அதுவரைக்கும் மூளிக் காதோடயா திரியும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. இந்த மனிதரைத் திட்டக்கூட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் பயம்.

காலையில் திருப்பரங்குன்றம். மலையடிவாரத்துத் தெருவில் மேளத்தோடு சீர்த்தட்டு ஊர்வலம். என் கழுத்தில் முழங்கால்வரை தொங்கும் ரோஜா மாலை. மண்டப வாசலில் இன்னொரு பிளக்ஸ், அதிலும் கறுப்புக் கண்ணாடி. பவானிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மகிழுக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தார்கள், மேல்சட்டை இன்னும் போடவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கியது.

"மாப்ள, இங்க பாருங்க. இழுக்குது."

செந்தில் பார்த்தார். அவர் முகம் மாறியது. அதற்குள் யாரோ மேடையிலிருந்து, "மாமன மணையில உக்காரச் சொல்லுங்கப்பா, நேரமாச்சு," என்று கூப்பிட்டார்கள். செந்தில் மேடையைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சு நிமிசம் மச்சான்," என்றார்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதற்குள் அவள் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே போய்விட்டாள். சவரக்கத்தியோடு ஒருவர், ஊசியும் தங்கக் கம்பியுமாக ஆசாரி, இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மேளக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. இங்கே என் சொல்லுக்குத்தான் மதிப்பில்லை. மடிக்கு இருக்கிறது.

பாத்ரூம் என்று சைகை காட்டிவிட்டு, சமையல்கட்டு வழியாகத் தெருவுக்கு வந்தேன். நகர ஆரம்பித்திருந்த ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

"எங்க சார்?" என்றார் கண்டக்டர்.

"கே.கே. நகர்."

"சார், இது திருமங்கலம் போற வண்டி. கே.கே. நகர் அந்தப் பக்கம்."

கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் மாலையை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துல இருந்து ஓடியாறீகளா தம்பி?"

"காதுகுத்துல இருந்துமா."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் வந்த ஆட்டோவைக் கைகாட்டி ஏறினேன். ஊரின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக வேண்டும். மகிழுக்குத் தடுப்பூசி போடும் ஆஸ்பத்திரி கே.கே. நகரில்தான் இருந்தது. மேம்பாலத்துக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றபோது போன் அடித்தது.

"மச்சான், எங்க போனீங்க? எல்லாரும் தேடுறாக."

"மகிழுக்கு ஊசி போடுற ஆஸ்பத்திரிக்குப் போறேன் மாப்ள. மடி வேணும்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்க வாங்க."

"வெளையாடாதீங்க மச்சான். அப்பா கத்துறாரு."

"நீங்க அவ நெஞ்ச மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

மேளச் சத்தத்துக்கு நடுவே இணைப்பு அறுந்துபோனது.

ஆஸ்பத்திரி வாசலில் மாலையோடு நின்றேன். கழற்றத் தோன்றவில்லை. வராமல் இருந்துவிட்டால்? பங்காளி வகையில் வேறொரு மாமனை மணையில் உட்காரவைத்துவிட்டால்? நான் ஓடிவந்ததில் அவளுக்கு இன்னும் நேரம்தான் வீணாகிறதோ? தெருவில் வந்த ஒவ்வொரு காருக்கும் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. ஒரு டீக்கடைக்காரர், "யார எதிர்பாக்குறீங்க சார், மினிஸ்டரா?" என்று கேட்டார்.

கார் வந்தது. பின்கதவு திறந்து செல்லப்பாண்டி மாமாதான் முதலில் இறங்கினார். அவர் தோளில் மகிழ், முடி மழிக்காத தலையோடு. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக உள்ளே போனார்.

டாக்டர் அம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார். எண்ணைப் பார்த்ததும் நர்ஸிடம் ஆக்சிஜன் எடுத்துவரச் சொன்னார். "நிமோனியா. அட்மிட் பண்ணணும். சாயங்காலம் வந்திருந்தா ரொம்பக் கஷ்டம்." பிறகு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். பவானி சிரப்பைச் சொன்னாள். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

"வீட்டுல யாருக்கும் சளி இருந்துச்சா? பிள்ளைக்கு வர்றதுக்கு முன்னாடி?"

பவானி தரையைப் பார்த்தாள். சிரப்பையும் சாம்பிராணியையும் ஊதிய வாயையும் ஒவ்வொன்றாகக் குற்றக் கூண்டில் ஏற்றிய எனக்கு, விமானத்தில் ஒழுகிய என் மூக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். செந்தில் முந்திக்கொண்டார்.

"எல்லாருக்குந்தான் டாக்டர். விசேஷ வீடு."

இப்படி ஒரு மாப்பிள்ளையை நான் இதுவரை மூன்றாம் பேர்வழிபோல் நடத்தியிருக்கிறேன்.

"எனக்கு இருந்துச்சு டாக்டர். நான்தான் வந்த அன்னைக்கே தூக்கிக் கொஞ்சினேன்," என்றேன். என் வேலையையும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்களுக்கே தெரியும். உங்க சளியா, பக்கத்து வீட்டுச் சளியான்னு கண்டுபிடிக்க முடியாது. சளி வழிய மட்டும்தான் தொறந்துவிடும். இறங்குறது பெரும்பாலும் மூக்குலயே குடியிருந்ததுதான். ஆளத் தேடுறத விட்டுட்டுப் பிள்ளையப் பிடிங்க. ஊசி போடணும்."

டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. மகிழ் திமிறினாள். அழக்கூட மூச்சில்லாமல் முனகினாள். பவானியால் பிடிக்க முடியவில்லை. செந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாராவது மடியில வச்சு அசையாமப் பிடிங்க," என்றார் நர்ஸ்.

வாசலில் நின்ற செல்லப்பாண்டி மாமா தொண்டையைக் கனைத்தார்.

"மாமன் மடியில வைங்கம்மா. அதுதான் மொற."

உட்கார்ந்தேன். மாலையைக் கழற்றி எறிந்தேன். சுடுகிற சின்ன முதுகு என் வயிற்றில் சாய்ந்தது. அவள் புறங்கையை நர்ஸ் தட்டித் தட்டி நரம்பு தேடினார். ஊசி இறங்கியபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு முருகா என்றார். மேளம் இல்லை, ஆசாரி இல்லை. நான் அவள் காதோரம் வாயைக் கொண்டுபோய், பிறகு என் சளி ஞாபகம் வந்து தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் சமைத்தது வீணாகவில்லை. பந்தி நடந்ததாம். பாயசம் பிரமாதம் என்று உறவினர்கள் போன் செய்து சொன்னார்கள். மாமன் ஓடிப்போன கதை பாயசத்தைவிட நன்றாக இருந்ததாகவும் தகவல் வந்தது.

நான் லீவை நீட்டிக் கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து கே.கே. நகர் டீக்கடைகள் எல்லாம் பழக்கமாயின. காய்ச்சல் இறங்க நாளானது. ஒருநாள் காலையில் ஆக்சிஜன் குழாயை மகிழே பிடுங்கி எறிந்தாள். மறுபடி மாட்ட வேண்டாம், பார்க்கலாம் என்றார் டாக்டர். அன்று மதியம் சாம்பாரில் குழைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு என் சட்டைப் பொத்தானை எட்டிப் பிடித்தாள். நான் வெளியே போய், யாரும் பார்க்காத இடமாகத் தேடி அழுதேன். அப்படி ஒரு இடம் மதுரையில் கிடைக்காது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

வீடு திரும்பிய பிறகு, டாக்டர் எழுதிக்கொடுத்த மிச்ச மருந்துக்கு மாமாவே பொறுப்பு. வயலிலிருந்து நேரத்துக்கு வந்து, கை கழுவி, கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுத்தார். குளிப்பாட்டும் அக்கா ஊதவில்லை. ஆனால் நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தானோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. சாம்பிராணிச் சட்டி மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது.

கிளம்பும் நாள் வயல் பக்கம் போனேன். அறுத்து அடுக்கிய நெல் மூட்டைகளின் மேல் என் பிளக்ஸை விரித்துக் கட்டியிருந்தார்கள். மழைக்காம். ஈப்போ கண்ட சிங்கம் கறுப்புக் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்துக் கைகூப்பிக் கிடந்தது.

"மூணாம் வயசுல வச்சிக்கிருவோம் தம்பி," என்றார் மாமா. "முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

"தேதி சொல்லுங்க மாமா, லீவு போடுறேன்."

"தேதியெல்லாம் இல்ல. பிள்ளைக்குச் சளி இல்லாத நாளாப் பாத்துப் போன் பண்ணுறேன். அன்னைக்கு உங்களுக்கும் இருக்கக் கூடாது."

வாசலில் ஆட்டோ நின்றது. முகக்கவசம் போட்டுக்கொண்டேன். பவானி மகிழை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், முத்தம் கொடுக்கவில்லை. மகிழ் கவசத்தைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். காது இரண்டும் மூளியாகத்தான் இருந்தன. நீட்டிய புறங்கையில் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இன்னும் மறையாமல் இருந்தது. அது என் மடியில் வைத்துக் குத்தியது.